கசாப்புக்காரர் கூலியில் தோல் சேராது

பக்ரீத் குர்பானி ஆட்டின் தோலை என்ன செய்ய வேண்டும் என்று ஆம்பூரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். கறி மூன்று பங்கு. வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. தோல் இந்தப் பங்குக் கணக்கில் வராது. பதப்படுத்தித் தொழுகை விரிப்பாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது சும்மா கொடுக்கலாம். விற்றுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது. விற்றுவிட்டீர்களா, அந்தக் காசு ஏழைக்குப் போயாக வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். அறுத்துக் கொடுத்த கசாப்புக்காரருக்குத் தோலைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. பலி கொடுத்த ஒட்டகங்களின் இறைச்சியையும் தோலையும் தர்மமாகப் பங்கிடச் சொன்ன நபிகள், அறுத்தவருக்கு அதிலிருந்து கூலி தரக் கூடாது என்று தம் தோழர் அலீயிடம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கூலி தனியாக, சொந்தக் கையிலிருந்து. கூலியைக் கொடுத்து முடித்த பிறகு, பிரியப்பட்டு அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தால் தப்பில்லை. ஆனால் "தோலை எடுத்துக்கோ, கணக்கு சரியாப் போச்சு" என்று மட்டும் சொல்லக் கூடாது.

நான் முஸ்லிம் இல்லை. இதெல்லாம் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளியிருந்த பாயம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதனால் பக்ரீத் எங்கள் வீட்டிலும் ஒரு தேதி. கறி வரும் என்பதற்காக மட்டும் இல்லை (ஆம்பூர்க்காரன் எழுதினால் பிரியாணி வந்தே தீரும் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்க, இந்தப் பதிவில் கிடையாது). அந்த மூன்று நாளும் ஊர் முழுக்கத் தோல் நடமாடும். மத்ரஸா என்கிற மார்க்கப் பள்ளியின் பையன்கள் ஆட்டோவிலும் சைக்கிளிலும் வீடு வீடாக வருவார்கள். வாசலில் சுருட்டி வைத்திருக்கும் பச்சைத் தோலை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மத்ரஸா முற்றத்தில் கல்லுப்பு மூட்டை தயாராக இருக்கும். சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் தோல் கெட்டுவிடும். வெயில் காலத்தில் பக்ரீத் வந்தால் இன்னும் வேகமாக. அன்றைக்கு அறுக்கிறவர்களில் பாதிப் பேர் தொழில்முறைக் கசாப்புக்காரர்கள் கிடையாது. கத்தி கண்ட இடத்தில் இறங்கியிருக்கும். ஒரு கீறல் விழுந்தால் விலை போச்சு. ஊரே தோல் வியாபாரத்தில் இருக்கிற இடத்தில், "எங்க தோல்ல ஒரு கீறல்கூட இல்லே" என்று ஒரு வீட்டுக்காரர் பெருமைப்பட்டுக்கொள்வதை வேறு எங்கே கேட்க முடியும்? தானமாகக் கொடுக்கப் போகிற பொருளுக்குத்தான் இத்தனை ஜாக்கிரதை.

சேர்ந்த தோலை மத்ரஸா மொத்தமாக விலை பேசி விற்கும். வாங்குவது வியாபாரி, வியாபாரியிடமிருந்து டேனரி. ஆக, முதலாளி வீட்டு ஆட்டின் தோலே அவருடைய டேனரிக்குத் திரும்பி வரலாம். நேற்று சும்மா கொடுத்ததை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவார். நடுவில் ஒரு கூட்டம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் செலவு தேறியிருக்கும். அப்பா இதைப் பேரேட்டுக்காரர் சந்தோஷத்தோடு சொல்வார்: "பற்று வரவு எல்லாம் சரியா இருக்குதுடா, ஆனா நடுவுல ஒருத்தன் சாப்டுட்டான்."

இந்தப் பக்கத்துப் பெரிய கொடைகள் பலவும் தோலிலிருந்து வந்தவைதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கப்பலேறிப் போன காலத்தில் வந்த காசு அது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் நடத்துவது. அதில் படித்துவிட்டு வந்த இந்துப் பிள்ளைகள் எங்கள் உறவிலேயே நிறையப் பேர். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற ரோட்டில் உமராபாத் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் அங்கே ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரியை 1924இல் தொடங்கிய காகா முஹம்மது உமர் சாகிபின் பெயர். அவரும் தோல் வியாபாரி. அங்கே படித்து முடித்தவர்கள் இன்றைக்கும் தங்கள் பெயருக்குப் பின்னால் "உமரி" என்று போட்டுக்கொள்கிறார்கள். ஒரு தோல் வியாபாரியின் பெயர் பட்டமாக மாறி, அவரைப் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மேல்விஷாரத்துச் சி. அப்துல் ஹக்கீம் கதை இன்னும் பெரிது. 1938இல் மறைந்தவர். நவாப் என்று பெயருக்கு முன்னால் இருந்தாலும் அரச வம்சம் ஒன்றும் இல்லை. தோல் வியாபாரம்தான். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே சித்தீக் சராய் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறதே, வெளியூரிலிருந்து வந்து இறங்குகிற முஸ்லிம் பயணிகள் தங்குவதற்காக அவர் கட்டியது. தோல் மண்டிகள் இருக்கும் பெரியமேடு பக்கத்திலேயே. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள், அவர் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

இப்படிச் சொத்துகளைக் கொடுப்பதை வக்ஃபு செய்வது என்பார்கள். அதன் சட்டதிட்டம் எல்லாம் எனக்கு அத்துப்படி இல்லை. ஆனால் அடிப்படை ரொம்பக் கறாரானது. வக்ஃபு என்று சொல்லிவிட்டால் அந்தச் சொத்து உங்களுடையது இல்லை. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது, வேறு ஒருவருக்குத் தானமாகவும் கொடுக்க முடியாது. அது இறைவனுடையதாகிவிட்டது. நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியாக நீங்களே இருக்கலாம். இருந்தாலும் சம்பளத்துக்கு இருக்கிற ஆள் மாதிரிதான். யோசித்துப் பார்த்தால், வாழ்நாளெல்லாம் கொள்முதல் விலை, விற்பனை விலை என்று மூளை பழகிப்போன ஒரு வியாபாரிக்கு இது எவ்வளவு கஷ்டம்! பணத்தை எடுத்துக் கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்ததன் மேல் கை வைக்காமல் இருப்பது பரம்பரைக்கும் தொடர வேண்டிய வேலை. நடைமுறையில் எத்தனை முத்தவல்லிகள் இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள் என்பது கோர்ட்டுகளுக்குத் தெரியும்.

வேலூர்க்காரர்கள் இந்த இடத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டாயே என்பார்கள். விடவில்லை. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு டாக்டர் ஐடா ஸ்கடர் ஆரம்பித்ததற்கு ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் ஆஸ்பத்திரி திறந்தது. மறைந்துபோன மனைவியின் பெயரை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை என்று பெயர். ஆரணி ரோட்டுக் கண் ஆஸ்பத்திரியை இன்றைக்கும் ஊரில் ஷெல் என்றுதான் சொல்கிறோம். ஆட்டோக்காரரிடம் "ஷெல்லுக்குப் போகணும்" என்றால் போதும். அந்தம்மா யார் என்று ஆட்டோக்காரருக்கும் தெரியாது, ஏறுகிறவருக்கும் தெரியாது. பணத்தைக் கையிலிருந்து விட்டவருக்குப் பெயரை விட மனசு வரவில்லை. பரவாயில்லை, மனைவி பெயர்தானே. ஆனால் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தாலும் ஆள் கரைந்துபோய் இடத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இனிமேல் வருவது கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம்.

தோலுக்கு விலை போய்விட்டது. சில நூறு ரூபாய் போய்க்கொண்டிருந்த ஆட்டுத்தோல் கடந்த பத்து வருஷத்துக்குள் படிப்படியாக இறங்கி, சில பக்ரீதுகளில் இருபது முப்பதுக்கு வந்தது. செயற்கைத் தோல், துணியில் செய்த விளையாட்டு ஷூக்கள், மந்தமான ஏற்றுமதி என்று காரணம் பல. உப்புச் செலவும் ஆட்டோ வாடகையும் தோலின் விலையைத் தாண்டிவிட்டன. வாங்க ஆள் இல்லாமல் தோலைக் குழி தோண்டிப் புதைத்ததாக நாட்டின் பல இடங்களிலிருந்து செய்தி வந்தது. வருஷச் செலவில் ஒரு பங்கு இதிலிருந்து வரும் என்று நம்பியிருந்த மத்ரஸாக்களுக்கு அடி. தோலோடு கொஞ்சம் ரொக்கமும் சேர்த்துக் கொடுங்கள் என்று சில மத்ரஸாக்கள் கேட்க ஆரம்பித்தன.

இப்போது யோசியுங்கள். முன்னூறு ரூபாய்த் தோலைக் கொடுத்தபோது அது தானம். கையில் வைத்திருந்தால் காசாகும் பொருளை விட்டுக் கொடுத்தீர்கள். இருபது ரூபாய்த் தோலை, அதுவும் வெயிலில் நாற ஆரம்பித்ததைப் பையனிடம் நீட்டும்போது என்ன நடக்கிறது? உங்கள் வாசல் சுத்தமாகிறது. உப்புச் செலவு அவன் தலையில். கொடுத்த கை அதே கை, கொடுத்த பொருளும் அதேதான்.

நம் வீடுகளில் தீபாவளிக்கு முன்னால் நடக்கும் பழைய துணி விநியோகத்துக்கும் இதுதான் கதி. பொத்தான் போனது, சாயம் போனது, ஜிப் நின்றுபோனது எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏதோ ஓர் ஆசிரமத்து வாசலில் இறக்கிவிட்டு வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. அங்கே உட்கார்ந்து தரம் பிரிக்கிற ஆளுக்கு இடுப்பு ஒடிகிறது. பீரோவில் இடம் கிடைத்ததைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். எங்கள் ஊரில் ஏற்றுமதியில் கழித்த ஷூக்கள் சல்லிசாகக் கிடைக்கும் என்பதால் வீட்டுக்கு வீடு கால்களைவிட ஷூ அதிகம் இருக்கும். என் வீடும் அப்படித்தான். அளவு சேராததைத்தான் எப்போதும் கொடுத்திருக்கிறோம்.

பாயம்மா இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. விலை இறங்கின வருஷம் ஒன்றில், பையன் வருவதற்கு முன்பே தோலுக்கு உப்புப் போட்டு வைத்துவிட்டார். மேலே ஒரு நூறு ரூபாய் நோட்டு. "தோலு இப்ப அவனுக்குச் செலவுப்பா. செலவ நான் குடுத்தாத்தானே நான் குடுத்ததாவும்?" என்றார். மார்க்கச் சட்டம் படித்தவர் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் பையனின் பக்கத்திலிருந்து யோசித்தார், அவ்வளவுதான்.

கசாப்புக்காரர் கூலிக்கு வருகிறேன். அந்த விதி எனக்கு ஏன் பிடிக்கும் என்று சொல்லவில்லையே.

அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் அப்படியே ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுசாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பு ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. பட்டைப் பதனிடல் ஒதுங்கிக் குரோமியம் வந்தது. ஊரில் காசு புரண்டது. கழிவுநீர் பாலாற்றுப் பக்கம் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைச் சட்டப் புத்தகத்தில் படிக்கிற எந்த மாணவருக்கும் வேலூரைத் தெரியாமல் இருக்காது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாக ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதற்கு மேல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம். அந்த ஆணையம் 2001இல் சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரி ஒன்பதாயிரம் சொச்சம். கிணறு போனதற்கு, தென்னை போனதற்கு, மண் போனதற்கு. அதுவும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாக்கியைக் கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலியுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

டேனரிக்காரர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று எழுத எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டு உலை டேனரிச் சம்பளத்தில் கொதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அவர்கள் கோடிக் கணக்கில் செலவழித்திருக்கிறார்கள், இன்னமும் செலவழிக்கிறார்கள். பாலாறு கெட்டதில் மணல் அள்ளியவர்களுக்கும் ஊராட்சிச் சாக்கடைக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் ஊரில் யாராவது ஒருவர் ஒரு பட்டியலை எடுப்பார். "எத்தன ஸ்கூலு கட்டியிருக்காங்க, எத்தன காலேஜு, ஆஸ்பத்திரி, ரம்ஜான்ல எத்தன பேருக்கு அரிசி." எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய்யில்லை. அப்பாவும் அந்தப் பட்டியல் போடுகிறவர்தான். அதனால்தான் சொல்கிறேன், கசாப்புக்காரர் விதி அங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. கிணறு கெட்டுப்போனவனுக்குத் தர வேண்டியது கூலி மாதிரி, கடன். பள்ளிக்கூடம் தோல். தோலைக் காட்டிக் கூலியைக் கழிக்க அவர்கள் மார்க்கமே விடவில்லை.

ஜகாத்தையும் முஸ்லிம்கள் தானம் என்று எண்ணுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். 11 பவுன் தங்கம் அல்லது அதன் மதிப்புக்கு மேல் ஒரு வருஷம் கையில் இருந்தால் நூற்றுக்கு இரண்டரை. அது ஏழையின் உரிமை, உங்களிடம் தங்கியிருந்தது, அவ்வளவே. அதைக் கொடுத்து முடித்த பிறகு மனசாரக் கொடுக்கிறீர்களே, சதகா, தாராளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எவ்வளவு துல்லியமான மூன்று அறைகள்! பட்ட கடன் ஒன்று, பிறருக்கு உரியது ஒன்று, மனசாரக் கொடுப்பது ஒன்று. நம் எல்லாருக்கும், எந்த மதமானாலும், இந்த மூன்றையும் ஒரே உண்டியலில் போட்டுக் குலுக்கும் பழக்கம் இருக்கிறது. வேலைக்கார அம்மாவுக்குப் பழைய மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷமாகச் சம்பளத்தை ஏற்றாமல் இருக்கிறோம். யாராவது கேட்டால் மிக்ஸி ஞாபகம் வருகிறது.

எங்கள் அத்தை வீட்டிலிருந்து அப்பர் தைப்பவர். ஷூவின் மேல்பாகத்தை ஆம்பூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பெண்கள் வீட்டிலேயே கையால் தைப்பார்கள். கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவில் ஓர் ஏஜென்ட், மூட்டையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துப் போவார். ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. அந்த ஷூ வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால் ஊசி கையில் நிற்காது. அத்தையின் விரல் நுனியில் ஊசி ஏறி ஏறித் தோல் தடித்துப்போய், சூடான டம்ளரை வெறும் கையால் பிடிப்பார்.

அந்த ஏஜென்ட் நல்ல மனுஷர். பண்டிகைக்குப் பண்டிகை தைக்கிற பெண்களுக்கெல்லாம் புடவை எடுத்துத் தருவார். பொங்கலுக்கும் தருவார், ரம்ஜானுக்கும் தருவார். போன வருஷம் அத்தை ஜோடிக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டார்.

"இன்னாக்கா, இப்பதானே புடவ குடுத்தேன்?"

"குடுத்தே, யாரு இல்லேன்னது? நல்ல புடவதான். புடவ வேற, கூலி வேற பா. வேணும்னா புடவய எடுத்துக்கினு போ, ரெண்டு ரூபா ஏத்திக் குடு."

"மேல கம்பெனியில ஏத்தினாத்தானே நான் ஏத்த முடியும்?"

"அப்போ கம்பெனியில போய்க் கேளு. நான் உன்னத்தானே கேக்க முடியும்?"

அத்தைக்குக் குர்பானிச் சட்டம் எதுவும் தெரியாது. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். உள்ளே போய்ப் புடவையைக் கொண்டுவந்து மூட்டை மேலேயே வைத்தார். மடிப்புக் கலையாத புடவை. ஏஜென்டுக்கு முகம் சுருங்கிவிட்டது, வாங்க மறுத்துவிட்டார். அவர் மனசு புண்பட்டிருக்கும், எனக்குத் தெரிகிறது. அவர் மனசாரக் கொடுத்ததுதான் அது. ரேட் ஒரு ரூபாய் ஏறியது, மூன்று மாதம் கழித்து. அத்தை இன்னொரு ரூபாய் பாக்கி என்று ஒவ்வொரு முறை மூட்டை வரும்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புடவையைத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனார்.